தட்டுமுட்டு அணிக்கு ஆள் குறையுதா?

வலங்கைமான்
23.10.2025, வியாழன்

அகில உலக தட்டுமுட்டு அணியின் துணைத் தலைவரும், தற்சமயம் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் கைதியுமான சேரன் அவர்களின் சமூகத்துக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்று மாலை சுமார் ஐந்து பத்துக்கு, குடமுருட்டிக் கரைத் திடலில், நமது அணியின் ஒரே சொத்தாகிய வெள்ளை ஃபிரிஸ்பீத் தட்டு, பர்வின் சாச்சி வீட்டு ஆட்டினால் கடிக்கப்பட்டது. விளிம்பில் பல் பதிந்துள்ளது. தட்டின் நிலைமை கவலைக்கிடம். ஆட்டின் நிலைமை நலம். துக்கம் விசாரிக்க வருவோர் வெறுங்கையோடு வராமல் புண்ணாக்கு கொண்டு வரவும். தட்டுக்கு அல்ல, ஆட்டுக்கு.

மேலே இருக்கும் முத்திரையைப் பார்த்தாயா? வெண்டைக்காய். காம்புப் பக்கம் நறுக்கி ஸ்டாம்ப் பேடில் அமுக்கினால் தாசில்தார் ஆபீஸ் தோற்றுப்போகும். அம்மா குழம்புக்கு வைத்திருந்ததில் நான்கு காய் அரசாங்கப் பணிக்குப் போய்விட்டது.

நடந்ததைக் கேள். ஆட்டம் உச்சத்தில் இருந்தது. நாலுக்கு நாலு, மொத்தம் எட்டுப் பேர். ஜாஃபர் சாதிக் அந்தக் கோடியில் ஓடுகிறான். நம் ஷமீரா நடுவில் நின்று எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறாள், வழக்கம்போல. நான் இங்கிருந்து ஒரு சுண்டு சுண்டினேன் பாரு, தட்டு அப்படியே காற்றில் சறுக்கிக்கொண்டு போகிறது. ஜாஃபர் கையை நீட்டினான். குறுக்கே ஆடு. நான் "ஆடு! ஆடு!" என்று கத்துகிறேன், ஷமீரா "ஆடிக்கிட்டுத்தானே இருக்கேன்"கிறாள். இந்த அணியை வைத்துக்கொண்டு நான் என்னடா பண்ணுவேன்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். அத்தா ஷார்ஜாவிலிருந்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்து என் மார்க்கைக் கேட்கிறார், நான் அங்கே வெயில் எவ்வளவு என்று கேட்கிறேன், பேச்சு அப்படியே போய்விடுகிறது. அம்மா தினமும் திடலுக்கு ஒரு தூக்கு நிறைய ரோஸ் மில்க் கொடுத்தனுப்புகிறார், "பிள்ளைங்க எல்லாம் குடிக்கட்டும்" என்று. நான் மூன்று கிலோ ஏறிவிட்டேன். சதை என்று நினைக்காதே, தசை.

தீபாவளிக்கு நீ வரவில்லை. உங்கள் அப்பா அம்மாதான் அங்கே வந்து உன்னைப் பார்த்துவிட்டு வந்தார்களாம். அதற்காக நான் ஒன்றும் உன்னை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு வேலையாக இரண்டு தடவை போனேன், அவ்வளவுதான்.

இப்போது முக்கியச் செய்தி. நமக்கு இந்தத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்து, அறுத்த வயலில் எறியக் கற்றுக்கொடுத்த உங்கள் இசைவாணி அக்காவும் அவர்கள் சென்னை நண்பர்களும் சேர்ந்து தஞ்சாவூரில் போட்டி வைக்கிறார்கள். நவம்பர் பதினாறு, ஞாயிறு. கோப்பை கீப்பையெல்லாம் பெரிதாக இல்லையாம், கூடி விளையாடத்தான். அணியாகவும் போகலாம், ஒண்டியாகவும் போகலாம். ஒண்டி ஆட்கள் பெயரைச் சீட்டெழுதி வாளியில் போட்டுக் குலுக்கி அணி பிரிப்பார்களாம். நமக்கு எதற்கு வாளி? நாம்தான் முழு அணியாச்சே.

இப்படிக்கு,
உன் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்,
அஸார்
தலைவர், தட்டுமுட்டு அணி

பி.கு: இதைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கும் வார்டன் சாருக்கு என் வணக்கம். சாப்பிட்டீங்களா சார்?


நாமக்கல்
30.10.2025

அன்புள்ள அஸாருக்கு,

சேரன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது, பிரித்துத்தான் கிடைத்தது. வார்டன் அந்த முத்திரையைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த டிபார்ட்மெண்ட்டு?" என்று கேட்டார். தோட்டக்கலை என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கொடுத்துவிட்டார். சாப்பிட்டாராம், சொல்லச் சொன்னார்.

ஆடு கடித்த இடம் எந்தப் பக்கம்? மேலா கீழா? விளிம்பு பிசிறாக இருந்தால் தேய்த்துவிடு, கை கிழிக்கும். எப்படியும் இடது பக்கம் சாய்ந்துதான் போகும். நான் இருந்தால் அதற்குத் தகுந்த மாதிரி நின்றுகொள்வேன்.

இங்கே காலை நாலே முக்காலுக்கு மணி அடிக்கிறார்கள். அறையில் பன்னிரண்டு பேர். சண்டையெல்லாம் இல்லை. பேச்சே இல்லை, அப்புறம் சண்டை எங்கே. எல்லோருக்கும் சுவரைப் பார்த்த மேசை. உன்னை மாதிரி ஒருத்தன் இருந்தால் இந்நேரம் பன்னிரண்டு மேசையும் திரும்பியிருக்கும். போன வாரம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவும்போது யாரும் இல்லையே என்று அந்த எவர்சில்வர் தட்டை ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் போனது. ஆனால் விழுந்த சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. அதற்கு ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். நிற்கும்போது சிரிப்பு வந்தது, ஆனால் பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் சிரிக்க ஆள் இல்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். இந்தப் பருவத்துக்கு எனக்கு ஒரே ஒரு வெளியூர் பாஸ் இருக்கிறது. சனிக்கிழமை மாலை கிளம்பினால் திங்கள் காலை திரும்ப வேண்டும். பதினாறாம் தேதிக்கு அதை எடுக்கலாம். ஆனால் அன்றைக்கு ஒரு டெஸ்ட் வைத்திருக்கிறார்கள், போகாவிட்டால் பூஜ்யம். சும்மா விளையாட வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்ல முடியாது. நம் குடும்பத்தில் முதல் டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அஸாருக்கு ஆள் குறையுதுப்பா, நான் போகலேன்னா ஆட்டமே இல்லை" என்று சொன்னால் திட்டிவிட்டு விட்டுவிடுவார். உன்மேல் அவருக்கு ஒரு இது உண்டு, உனக்கே தெரியும்.

அதனால் கேட்கிறேன். ஆள் குறையுதா? ஒரே வரி எழுது. ஏழாம் தேதி வார்டனிடம் பெயர் கொடுக்கவேண்டும்.

எட்டுப் பேர் என்று எழுதியிருந்தாய். நான் இருந்தபோது ஆறைத் தாண்டியதில்லை. சந்தோஷம்.

உன்,
சேரன்


வலங்கைமான்
03.11.2025

மகாகனம் பொருந்திய சேரனுக்கு,

உன் விண்ணப்பம் வந்து சேர்ந்தது. நிர்வாகக் குழு கூடிப் பரிசீலித்தது. ஆள் குறையவில்லை.

குறைவதாவது! திடலில் நிற்க இடமில்லை. எட்டு என்பது போன மாதக் கணக்கு. புதிதாக ஒருத்தன் சேர்ந்திருக்கிறான், பெயர் மேகநாதன். இந்த வயதிலேயே தாடி. ஓடினால் நாலு கால் பாய்ச்சல்தான். பேச்சு அதிகம் கிடையாது, ஒரே வார்த்தைதான் பேசுவான். தட்டு எங்கே விழும் என்று அவனுக்கு எப்படித்தான் தெரியுமோ, முதலில் அங்கே போய் நிற்பான். ஒரு குறை, கொஞ்சம் தீனிப் பண்டாரம். அவனைத்தான் இடது ஓரத்தில் போட்டிருக்கிறேன்.

நீ டெஸ்ட்டை எழுது. நாளைக்கு எனக்குப் பல் வலி, வயிற்று வலி என்றால் பீஸ் வாங்காமல் பார்க்க ஊரில் ஒரு டாக்டர் வேண்டாமா? ஒரு ஆட்டத்துக்காகப் பூஜ்யம் வாங்கி, உங்கள் அப்பா என் வீட்டு வாசலில் வந்து நின்றால், நான் எந்தக் கொல்லை வழியாக ஓடுவது? அவருக்கு என்மேல் இருப்பதாக நீ எழுதிய அந்த 'இது' எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் பைக் சீட்டில் நான் மைதா பசை தடவிய நாளிலிருந்து இருப்பதுதான் அது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. சம்பா நட்ட வயலெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கிறது. வடிகாலில் தண்ணீர் இறங்கவில்லை என்று உங்கள் அப்பா மண்வெட்டியும் கையுமாக வரப்பிலேயே இருக்கிறார். திடலில் கணுக்கால் அளவு. தட்டு விழுந்தால் மிதக்கிறது. அதனால் ஒரு சண்டை வேறு. தட்டு கைக்கு வந்ததா, தண்ணீரைத் தொட்டுவிட்டு வந்ததா? தொட்டிருந்தால் தட்டு எதிர் அணிக்கு. நடுவர் கிடையாது, பிடித்தவனே சொல்ல வேண்டும், அவன் சொன்னதே தீர்ப்பு என்று உங்கள் அக்கா சொல்லிக்கொடுத்த சட்டம் இருக்கிறதே, என்னை மாதிரி ஒருத்தன் இந்த உலகத்தில் இருக்கிறான் என்று தெரியாத யாரோ வகுத்தது அது. நேற்று மூன்று தடவை தொட்டதைத் தொடவில்லை என்றேன். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை!

கோப்பையோடு போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கூட்டத்தில் என் முகம் தெரியாமல் போய்விடும், நடுவில் நிற்பவன்தான் நான்.

இப்படிக்கு,
ஆள் குறையாத,
அஸார்

பி.கு: வார்டன் சார், நல்ல பையன் சார் அவன். எவர்சில்வர் தட்டு விஷயத்தில் அவனை மன்னித்துவிடுங்கள். நன்றாகப் போனதாக எழுதியிருக்கிறானே சார்.


நாமக்கல்
08.11.2025

அஸார்,

கடிதம் வந்தது. நல்லது.

ஏழாம் தேதி பெயர் கொடுக்கவில்லை. என் பாஸை அறையில் இருக்கும் ஒருத்தனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவன் அக்காவுக்கு அன்றைக்கு வளைகாப்பாம். பாஸ் கிடைத்ததும் ஐந்து மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் பத்து வார்த்தை பேசினான்.

மேகநாதன் எந்தத் தெரு? நம் வகுப்பில் அப்படி யாரும் இல்லையே. குடவாசல் பக்கமா? இடது ஓரத்தில் நிற்பவன் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும், உன் தட்டு எப்போதும் நீ நினைப்பதைவிட நாலடி தள்ளித்தான் விழும். அவனுக்கு அதைச் சொன்னாயா? எனக்கு அது பிடிபட ஒரு கோடைக்காலம் ஆனது. அவனுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது என்றால் கெட்டிக்காரன்தான்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது. நான் இல்லை என்பதே அதில் தெரியவில்லை. அது நல்லதுதானே. நான் கிளம்பும்போது, ஆட்டம் நின்றுவிடுமோ என்று கவலையாக இருந்தது. நிற்கவில்லை.

இனிமேல் இரண்டு மூன்று மாதத்துக்கு டெஸ்ட் மேல் டெஸ்ட். பதில் எழுதத் தாமதமானால் தப்பாக நினைக்காதே. நீயும் அங்கே வேலையாக இருப்பாய்.

ஈரத் தட்டைக் கட்டை விரலால் அமுக்கிப் பிடிக்கச் சொல்லு எல்லோரையும்.

சேரன்


வலங்கைமான்
17.11.2025, திங்கள்

வீராதி வீரன், சூராதி சூரன் அஸார், தஞ்சாவூர் மாநகரில் கொட்டும் மழையில் கொடி நாட்டிய செய்தியைச் சேரனுக்கு அறிவிப்பது:

ஜெயித்துவிட்டோம்! கடைசிப் புள்ளி என் கையில். மழை என்றால் மழை, எதிரில் நிற்பவன் முகம் தெரியவில்லை. ஜாஃபர் அங்கிருந்து எறிகிறான், தட்டு நழுவிக் கீழே இறங்குகிறது, நான் தண்ணீரில் பத்தடி சறுக்கிப் பாய்ந்து, தரைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியில் பிடித்தேன். எல்லோரும் என்னைத் தூக்கி

இதற்கு மேல் வரவில்லைடா. அரை மணி நேரமாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் வார்டன் ஏதோ ரகசியம் என்று விளக்கில் தூக்கிப் பிடித்துப் படிப்பார். கிடக்கட்டும். கீழே இருப்பதுதான் கடிதம்.

நேற்று விடிகாலை பாபநாசம் போய் பஸ் மாறித் தஞ்சாவூர் போனேன். வழியெல்லாம் மழை. பஸ் ஜன்னல் தகரத்தை இறக்கிவிட்டால் உள்ளே இருட்டு, ஏற்றினால் மடியெல்லாம் தண்ணீர். அம்மா கொடுத்த ரோஸ் மில்க் தூக்கு ஒரு கையில், ஆடு கடித்த தட்டு பையில். இரண்டு பேர் சீட்டில் நான் ஒருத்தன்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தூக்கு.

ஒரு காலேஜ் மைதானம். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். ஐ.டி. கம்பெனிக்காரர்கள், காலேஜ் பெண்கள், ஒரு மீன் கடைக்கார அண்ணன், மதுரையிலிருந்து ஒரு குடும்பமே. பெயர் எழுதும் மேசையில் உங்கள் அக்கா. தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நனைந்த சீட்டெல்லாம் உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"வாடா அஸாரு! எங்கடா உங்க எட்டுப் பேரு?"

"பஸ்ல இடமில்லக்கா, அடுத்த பஸ்ல வராங்க."

"பேர் சொல்லு, எழுதிக்கறேன்."

நான் சொன்னேன்டா. ஜாஃபர், ஷமீரா என்று ஆரம்பித்து, எட்டுக்கு ஆள் போதாமல், எதிரில் இருந்த பேனரில் பார்த்த பெயரையெல்லாம் சொன்னேன். அக்கா எழுதிக்கொண்டே வந்தவர்கள் ஐந்தாவது பெயரில் பேனாவை நிறுத்தினார்கள். அது அந்தக் காலேஜைக் கட்டியவர் பெயர்.

என் முகத்தைப் பார்த்தார்கள். தூக்கைப் பார்த்தார்கள். ஒரு சீட்டைக் கிழித்து "அஸார், வலங்கைமான்" என்று மட்டும் எழுதி வாளியில் போட்டார்கள். அப்புறம் துண்டைக் கொடுத்து, "தலையத் தொவட்டு" என்றார்கள்.

ஆரஞ்சு அணியில் விழுந்தேன். ஏழு பேரும் முன்பின் தெரியாதவர்கள். முதல் இரண்டு ஆட்டம் தோல்வி. பதினொரு மணிக்கு இடி இடித்ததும் நிறுத்திவிட்டு எல்லோரும் சைக்கிள் ஷெட்டுக்குள் ஒதுங்கினோம். அவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். நான் என் தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நீலாம்பாள் என்று ஒரு மேடம், நாற்பது வயது இருக்கும், பச்சை அணி. கும்பகோணத்தில் பல் டாக்டராம். தட்டை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்து, "ஆடா?" என்றார்கள்.

"எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"தடம் கீழ்ப்பக்கம் மட்டும்தான் இருக்கு. ஆட்டுக்கு மேல்வரிசையில முன்பல்லே கிடையாது. தினம் இதைத்தானே தம்பி பாக்கறேன்."

"ஆட்டையா மேடம்?"

"பல்லை!" என்று சிரித்துவிட்டு, "வா, போட்டுப் பாப்பம், சாயுதா?" என்றார்கள்.

ஷெட்டுக்கு அந்தக் கோடியில் அவர்கள், இந்தக் கோடியில் நான். எறிந்தேன். இடது பக்கம் சாய்ந்துதான் போனது, நீ எழுதிய மாதிரியே. அவர்கள் எட்டிப் பிடித்துத் திருப்பி எறிந்தார்கள். என் நெஞ்சுக்கு நேராக வந்தது. எனக்கு அதைப் பிடிக்கத் தோன்றவில்லைடா. தட்டு காற்றில் திரும்பி என்னைப் பார்த்து வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், மார்பில் பட்டு விழுந்தது. ஐந்து மாதமாயிற்று, நான் எறிந்த தட்டு தானாகத் திரும்பி வந்து.

"என்ன தம்பி, ஊர்ல யார்கூட ஆடுவே?" என்று கேட்டார்கள். "பெரிய டீம் மேடம்" என்றேன்.

மத்தியானம் மழை விடாமலே கடைசி ஆட்டம், பச்சை அணியோடு. புள்ளி எட்டுக்கு எட்டு, அடுத்த புள்ளி எடுப்பவர்கள் ஜெயித்தவர்கள். என்னைப் பார்த்துத்தான் வந்தது தட்டு, பிடித்தால் புள்ளி எங்களுக்கு. பாய்ந்தது நிஜம், சறுக்கியது நிஜம், பத்தடி இல்லை, நாலடி. எழுந்தபோது தட்டு என் கையில் இருந்தது. ஆரஞ்சு முழுக்கக் கத்துகிறது. நீலாம்பாள் மேடம்தான் என்னைத் தடுக்க ஓடி வந்தவர். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் குனிந்து, சாதாரணமாகக் கேட்டார்கள்: "தம்பி, பிடிச்சியா?"

அவர்கள் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. சேறும் தண்ணீரும் தெறித்ததில் யாருக்குத் தெரியும்?

"இல்ல மேடம். தண்ணியத் தொட்டுட்டுத்தான் வந்துச்சு" என்றேன்.

தட்டு அவர்கள் கைக்குப் போனது. இரண்டே வீச்சு. தோற்றுவிட்டோம்.

அப்புறம் வழக்கப்படி இரண்டு அணியும் தோளோடு தோள் கைபோட்டு வட்டமாக நின்றார்கள், அந்த மழையிலேயே. ஆட்டத்தில் நல்லதாகப் பட்டதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மூன்று பேர் என் பெயரைச் சொன்னார்கள். கை தட்டினார்கள். ஒரு பக்கம் மீன் கடை அண்ணன் கை, இன்னொரு பக்கம் யாரோ ஒரு அக்கா கை. வட்டத்துக்கு வெளியே உங்கள் அக்கா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. நேற்றுக் காலைதான் பெயர் தெரிந்த ஒருத்தர் கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டேன். உனக்கு மட்டும் பக்கம் பக்கமாகப் புளுகியிருக்கிறேன்.

கிளம்பும்போது அக்கா பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டார்கள். இறங்கும்போதுதான் சொன்னார்கள்.

"காலையில சேரன் போன்ல பேசினான். டெஸ்ட்டத் தள்ளி வச்சுட்டாங்களாம். ரூம்ல எல்லாரும் வெளிய போயிட்டாங்களாம். மொட்டை மாடியில உக்காந்திருக்கேங்கா, இந்நேரம் ஆட்டம் ஆரம்பிச்சிருக்கும்லன்னான்."

"அக்கா, அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

"நானா போய்ச் சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பேசுவான். எத்தனை பேர் வந்தாங்கன்னு கேட்டான்னா, பொய் சொல்ல மாட்டேன்டா."

அதனால்தான் இதை ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.

எட்டுப் பேர் இல்லைடா. நாலு பேர்கூட இல்லை. நீ போன இரண்டாவது வாரமே ஜாஃபர் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். ஷமீராவுக்கு டியூஷன். நான் வீடு வீடாகப் போனேன். நீ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போவாயே, அதே மாதிரி அடித்துப் பார்த்தேன். எல்லோரும் வெளியே வந்து எட்டிப் பார்ப்பார்கள், நான் என்று தெரிந்ததும் "சேரன் வந்தா சொல்லுடா" என்று உள்ளே போய்விடுவார்கள். நான்தான் எல்லோரையும் சிரிக்க வைக்கிறேன், அதனால்தான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்டாய், அதனால் வந்தார்கள்.

அதை உனக்கு எப்படி எழுதுவது? முதல் கடிதத்தில் எட்டு என்று போட்டுவிட்டேன். நீ வரட்டுமா என்று கேட்டபோது, வந்தால் திடலைப் பார்த்துவிடுவாயே என்று பயம். பயத்தில் எழுதியதுதான் "ஆள் குறையவில்லை". நீ இடது ஓரத்தைப் பற்றி எழுதிய கடிதத்தை நான் மூன்று தடவை இல்லை, எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. உடனே உண்மையை எழுதியிருக்க வேண்டும். பாஸ் போய்விட்டதே, இனி என்ன என்று விட்டுவிட்டேன்.

தினமும் திடலுக்குப் போவது நிஜம். இந்தக் கோடியிலிருந்து எறிவேன். அந்தக் கோடிக்கு நடந்து போய் எடுப்பேன். அங்கிருந்து இங்கே எறிவேன். அன்றைக்கு ஆடு கடித்ததும் அப்படித்தான். ஆட்டமெல்லாம் உச்சத்தில் இல்லை. தட்டு விழுந்து கிடந்தது, எடுக்க நான் நடந்து வருவதற்குள் அது வந்துவிட்டது. தாடி வைத்த மேகநாதன் எந்தத் தெரு என்று கேட்டாயே, பர்வின் சாச்சி வீட்டுக் கொட்டகை. அவன் பேசும் ஒரே வார்த்தை "மே". அவன்மேல் நீ பொறாமைப்பட்டிருக்கிறாய், இதை நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வேண்டும், யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ரோஸ் மில்க் முழுத் தூக்கையும் நானேதான் குடிக்கிறேன். மிச்சம் கொண்டுபோனால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். மூன்று கிலோ அதனால் ஏறியது. தசை இல்லை, சதைதான். நேற்று மட்டும்தான் நானே குடிக்கவில்லை, சைக்கிள் ஷெட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன். அம்மா தூக்கை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்காவது பிள்ளைங்க குடிச்சாங்களா?" என்றார். இன்னிக்காவது என்றால் என்ன அர்த்தம்? அவருக்கு முதலிலிருந்தே தெரியும் போலிருக்கிறது.

வார்டன் சார், இந்தக் கடிதத்தில் முத்திரை இல்லை, ஜோக் இல்லை. தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.

சேரா, முப்பதாம் தேதி நீ ஒரே வரி கேட்டிருந்தாய். தாமதமாகத்தான் எழுதுகிறேன், பாஸும் போய்விட்டது, டெஸ்ட்டும் போய்விட்டது, போட்டியும் முடிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாயே.

ஆள் குறையுதுடா.

அஸார்